கொடுக்கும் கரம்: சிறுவருக்குத் தசமபாகம் கற்பித்தல்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் ஒரு கல்விச் சங்கத்தின் மேடையில் பேசுவதற்குப் பொருள்கள் பல உண்டு. பட்டம் பெற்றோர் தொகையைப் பேசலாம், வேலைவாய்ப்பைப் பேசலாம், இன்னும் எட்டாத உயரங்களைப் பேசலாம். எனினும் திருச்சபையில் சிறுவருக்குத் தசமபாகத்தையும் காணிக்கையையும் கற்பிப்பது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இது கோயிலுக்குள் பேச வேண்டிய பொருள் அன்றோ, கல்விச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்பித்தால்தான் அதன் சங்கங்கள் நிலைக்கும். அதைக் கற்பிக்கும் முதற்பள்ளி, நம்முள் பெரும்பாலோர்க்கு, ஓய்வுநாட் பள்ளியே ஆகும். கிறிஸ்தவரல்லாத உறுப்பினர்களும் இந்த அவையில் உள்ளீர்கள். நான் கூறப்போவதன் சாரம் உங்களுக்கும் உரியதே என்று நம்புகிறேன்.

நான் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே. கொடுப்பது கடமை என்று மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் போதாது. கொடுப்பது அவர்களுடைய உரிமை என்றும் கற்பிக்க வேண்டும். அச்சத்தால் கொடுப்பவன் அடிமை. ஆசையால் கொடுப்பவன் வணிகன். உரிமையால் கொடுப்பவனே சுதந்தர மனிதன்.

ஏந்திய கைகள்

பன்னூறு ஆண்டுகளாக நம் முன்னோர் நெற்களத்தில் நின்றனர். உழுதவர் அவர், நாற்று நட்டவர் அவர், அறுத்தவர் அவர், அடித்துத் தூற்றியவரும் அவர். ஆயினும் நெல் அளக்கும் வேளையில் களத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, அளந்து போட்டதை முந்தானையிலும் துண்டிலும் ஏந்தியவரும் அவரே. தாம் உழைத்த கூலியே பிச்சை போலப் போடப்பட்டது. தாகத்துக்குக் கேட்ட தண்ணீரும் உயரத்திலிருந்து, குவித்த கைகளில் ஊற்றப்பட்டது. ‘இவர்கள் வாங்குகிறவர்கள், மற்றவர்கள் கொடுக்கிறவர்கள்’ என்னும் பொய், சட்டமாக எழுதப்படாமலேயே எல்லார் மனத்திலும் எழுதப்பட்டுவிட்டது. பொய் என்று ஏன் கூறுகிறேன்? ஊர் முழுவதற்கும் சோறு கொடுத்தவர் எவரோ அவரையே இரவலர் என்று அழைத்ததால் கூறுகிறேன்.

திருச்சபைக்குள் வந்த பின்னும் இந்தப் பெயர் நம்மை விட்டு எளிதில் அகலவில்லை. மிஷன் பள்ளி, மிஷன் மருத்துவமனை, பஞ்ச காலத்து நிவாரணம் என்று வரலாற்றை எழுதியோர், நம்மைப் பெற்றுக்கொண்டவராகவே எழுதினர். சோற்றுக்காக மதம் மாறியவர் என்ற பழிச்சொல்லும் நம்மீது வீசப்பட்டது.

உண்மை வரலாறு வேறு. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபை எவ்வாறு தொடங்கிற்று? மயிலாடியில் வாழ்ந்த மகாராசன் வேதமாணிக்கம், பறையர் என்றும் சாம்பவர் என்றும் அழைக்கப்பெற்ற நம் சமுதாயத்தில் பிறந்தவர். அவர் தஞ்சைக்குச் சென்றபோது நற்செய்தியைக் கேட்டுத் திரும்பித் தம் ஊராருக்கு அறிவித்தார். தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டு நின்றார். அதன் பின்னரே, 1806-ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானிய ஊழியர் மயிலாடி வந்து சேர்ந்தார். வெளிநாட்டார் தேடி வந்து கொடுத்தார், நாம் வாங்கினோம் என்பதன்று இந்த வரலாறு. நம்மவர் ஒருவர் சென்று அழைத்தார், பிறகு அவர் வந்தார் என்பதே வரலாறு. ஓய்வுநாட் பள்ளியில் காணிக்கையைப் பற்றிய முதற்பாடம் இத்தகைய செய்தியிலிருந்து தொடங்க வேண்டும்.

தசமபாகம் யாருடைய பங்கு?

இனித் திருமறைக்கு வருவோம். தசமபாகம் என்றால் பத்தில் ஒரு பங்கு. ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்ததை ஆதியாகமம் 14-ஆம் அதிகாரம் கூறுகிறது. மோசேயின் சட்டத்தில் அது ஒழுங்குமுறையாயிற்று. அந்தச் சட்டத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்லித் தராத மூன்று செய்திகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, அச்சட்டம் நிலத்தின் விளைச்சலையும் மந்தையின் பெருக்கத்தையும் பற்றியே பேசுகிறது. தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு, மாடு ஆகியவையே அங்குக் கணக்கிடப்படுகின்றன. மேய்ப்பனின் கோலின் கீழ்க் கடந்து போகும் ஒவ்வொரு பத்தாவது ஆடும் ஆண்டவருக்குரியது என்று லேவியராகமம் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. நிலமும் மந்தையும் உடையவன் மீதே இந்தக் கடமை முதலில் விழுந்தது.

இரண்டாவது, அந்தப் பத்தில் ஒரு பங்கு யாருக்குச் சென்றது? லேவியருக்குச் சென்றது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதன் காரணம், இஸ்ரவேலரின் நடுவே அவர்களுக்கு நிலப்பங்கு இல்லை என்பதே. உபாகமம் 14-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி செல்கிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகம் அவரவர் ஊரிலேயே சேர்த்து வைக்கப்பட வேண்டும். லேவியரும், அந்நியரும், தந்தையற்ற பிள்ளைகளும், விதவைகளும் வந்து உண்டு நிறைவு பெற வேண்டும். நிலமுடையோர் நிலமற்றோர்க்குச் செலுத்த வேண்டிய பங்கே தசமபாகம் என்பது இதனால் விளங்குகின்றது. அது பிச்சை அன்று, பங்கு. பங்கு என்ற சொல்லின் பொருளை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மூன்றாவது செய்தியே சிறுவருக்கு மிகவும் வேண்டியது. எண்ணாகமம் 18-ஆம் அதிகாரத்தில், தசமபாகத்தைப் பெற்றுக்கொண்ட லேவியரும் தாம் பெற்றதிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கொடுக்குமாறு கட்டளையிடப்பட்டனர். பெறுகிறவரும் கொடுத்தார்! பெற்றதால் அவர் கொடுக்கும் தகுதியை இழந்துவிடவில்லை. உதவித்தொகையில் படிக்கும் மாணவனே, விடுதியில் தங்கிப் பயிலும் மாணவியே, இச்செய்தி உங்களுக்கானது. நீங்கள் பெற்றிருக்கிறீர்கள் என்பதே நீங்கள் கொடுக்கத் தகுதியுடையவர்கள் என்பதற்குச் சான்று.

வறியவரின் காணிக்கைக்கும் சட்டத்தில் இடமிருந்தது. ஆட்டுக்குட்டி கொண்டுவர இயலாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் இயலாதவர் சிறிதளவு மாவைக் கொண்டுவரலாம். குழந்தை இயேசுவை ஆலயத்துக்கு எடுத்துச் சென்றபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியது ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையே என்பதை லூக்கா சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரம் காட்டுகிறது. நம் ஆண்டவருக்காகச் செலுத்தப்பட்ட முதற்காணிக்கை ஓர் ஏழைக் குடும்பத்தின் காணிக்கை. நம் பிள்ளை தன் கையிலுள்ள சிறு நாணயத்தைப் பார்த்து வெட்கப்படும்போது இதை நினைவுபடுத்துங்கள்.

புதிய ஏற்பாட்டில் கிறிஸ்தவர் மீது பத்தில் ஒன்று என்னும் விகிதம் சட்டமாக விதிக்கப்படவில்லை. இதைக் குறித்துச் சபைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. சில சபைகள் தசமபாகத்தைக் கட்டாயமாகக் கொள்கின்றன. சில சபைகள் மாதச் சந்தா, வாரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஆகியவற்றோடு அமைகின்றன. பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையாருக்குச் சொல்லியது, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கு ஏற்ப எடுத்து வைக்க வேண்டும் என்பதே. வருத்தத்தோடும் கட்டாயத்தாலும் அல்ல, மகிழ்ச்சியோடு கொடுக்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. கொடுப்பதன் நோக்கம் ஒருவரை வருத்தி மற்றவரை வாழ்விப்பதன்று, சமநிலை உண்டாவதே என்பதையும் அவர் தெளிவாக்கினார். எனவே பத்தில் ஒன்று என்பதைச் சிறுவருக்கு நல்ல அளவுகோலாகக் கற்பியுங்கள், தண்டத்தொகையாகக் கற்பிக்காதீர்கள்.

பிடியரிசியின் வலிமை

நம் நாட்டுத் திருச்சபைகளில் இப்பாடத்தைக் கற்பித்த பேராசிரியர் யார் தெரியுமா? அடுப்படியில் இருந்த தாயே. உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடுவாள். வார இறுதியில் அது கோயிலுக்குச் செல்லும். பிடியரிசி என்னும் இவ்வழக்கம் தென்னிந்தியச் சபைகள் பலவற்றில் இருந்தது. மிசோரம் மாநிலத்துச் சபைகளில் இன்றும் பெரும் வலிமையோடு விளங்குகின்றது. அதில் ஒரு நுட்பம் உண்டு. உண்டு மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படுவதன்று பிடியரிசி. உண்பதற்கு முன் எடுக்கப்படுவது. காசே கண்ணில் படாத வீட்டிலும், களத்துக் கூலியாக வந்த நெல்லிலிருந்து கொடுக்க முடிந்தது. அடுப்பருகே அமர்ந்திருந்த குழந்தை அதை நாள்தோறும் கண்டது. அதுவே பாடம், அதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874-ஆம் ஆண்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களை நீங்கள் அறிவீர்கள். 1902-ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு ஊழியம் நடத்துவதைக் கண்டு உள்ளம் தூண்டப்பெற்றார். மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. இந்தியரின் பணம், இந்தியரின் ஆள், இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. 1912-ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ள தோர்ணக்கல் அவருடைய பணித்தலம். 1945-இல் மறையும் வரை அவர் அங்கேயே உழைத்தார்.

தோர்ணக்கல் பேராயத்தில் சேர்ந்தவர் யாவர்? அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். நம்மைப் போன்றே சேரிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த உழைப்பாளிகள். 1940-களின் தொடக்கத்தில் அவர்களின் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது. ‘இவர்கள் ஏழைகள், இவர்களிடம் எதைக் கேட்பது?’ என்று அசரியா இரக்கப்பட்டு விட்டுவிடவில்லை. ஏழைக்கும் கொடுக்கும் பாக்கியம் உண்டு, அதை அவனிடமிருந்து பறிக்கலாகாது என்பது அவர் கொள்கை. கிறிஸ்தவனின் கொடைக் கடமையைக் குறித்துத் தனி நூலே எழுதினார். 1939-ஆம் ஆண்டில் தோர்ணக்கல் பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. ஊர்க் கோயிலின் வாயிலிலும் நிற்க விடப்படாதவர்கள், ‘இது எங்கள் ஆலயம், இதில் எங்கள் பங்கும் உண்டு’ என்று சொல்லும் நிலை உண்டாயிற்று. ஒரு கல்லுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தவனும் அந்தக் கட்டடத்தின் உரிமையாளன் அல்லனோ?

கிறிஸ்தவத்துக்கு வெளியேயும் இதே கருத்து நம் மக்களிடையே எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவினார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் நாகபுரியில் ஆற்றிய உரையில், பௌத்தம் தழுவிய தம் மக்கள் வருவாயில் இருபதில் ஒரு பங்கை அறப்பணிக்கு அளிக்க உறுதி கொள்ளுமாறு கேட்டார். கேட்கப்பட்டவர்கள் செல்வந்தர் அல்லர். ஆலைத் தொழிலாளரும் நிலமற்ற கூலிகளும் ஆவர். பத்தில் ஒன்றாயினும் இருபதில் ஒன்றாயினும் உட்பொருள் ஒன்றே: பிறர் பணத்தில் எழும் சமுதாயம் பிறர் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இருக்கும்.

கற்பிக்கும் முறை

பெற்றோர்களே, ஆசிரியர்களே! செயல்முறைக்கு வருவோம்.

ஒன்று. கோயில் வாயிலில் குழந்தையின் கையில் அவசரமாக ஒரு நாணயத்தைத் திணிக்கிறோம். குழந்தை அதைப் பையில் போடுகிறது. இது குழந்தையின் காணிக்கை அன்று. தந்தையின் காணிக்கையைக் குழந்தை சுமந்து செல்கிறது, அவ்வளவே. குழந்தை கொடுக்க வேண்டுமாயின், முதலில் அதற்கென்று ஏதேனும் இருக்க வேண்டும். திருநாளுக்கு வந்த தாய்மாமன் 50 ரூபாய் கொடுத்தால், அது குழந்தையின் பணம். அதில் 5 ரூபாயை எடுத்து வைக்கும்படி சொல்லுங்கள். எடுத்து வைப்பது அதன் கையாகவே இருக்கட்டும்.

இரண்டு. பத்துப் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, ஒன்றைத் தனியே வைக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு இருபது, பிறகு ஐம்பது, பிறகு முப்பத்தைந்து. முப்பத்தைந்தில் குழந்தை திகைக்கும். அங்கே தசமப் புள்ளி பிறக்கும். தசமபாகத்திலும் தசம பின்னத்திலும் இருப்பது ஒரே சொல்லன்றோ? ஓய்வுநாட் பள்ளியில் ஒரு கணக்குப் பாடமும் முடிந்துவிடும்.

மூன்று. வீட்டில் மூன்று தகரக் குவளைகள் வையுங்கள். ஒன்று காணிக்கைக்கு, ஒன்று சேமிப்புக்கு, ஒன்று செலவுக்கு. மகனுக்கு வைத்தால் மகளுக்கும் வையுங்கள். பிடியரிசி எடுத்த கை பெண்ணின் கை. ஆனால் சபைக் கணக்கு எழுதும் நாற்காலியில் பெண்கள் அமர்ந்தது மிகப் பிந்தியே. அடுத்த தலைமுறையில் அக்குறை இருக்கலாகாது.

நான்கு. கொடுப்பதற்குப் பணம் மட்டுமே பொருள் அன்று. அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகள் பூசணிக்காயும் முட்டையும் வாழைத்தாரும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பதும், பிறகு அவை ஏலம் விடப்படுவதும் நம் சபைகளின் அழகிய வழக்கம். வீட்டுக் கொல்லையில் ஒரு சுரைக்கொடியைப் பிள்ளையின் பெயரால் வளர்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லாத பிள்ளையா? கோயில் பாயை விரிக்கட்டும், மணி அடிக்கட்டும், தன்னைவிடச் சிறிய பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்கட்டும். ஐயாயிரம் பேர் உண்ட பந்தியின் தொடக்கத்தில் இருந்தது ஒரு சிறுவனின் உணவு. அது கோதுமை அப்பங்கூட அன்று, ஏழைகள் உண்ட வாற்கோதுமை அப்பம் என்பதை யோவான் குறித்து வைத்திருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளையாயிருந்தால் அது கேழ்வரகு அடையாக இருந்திருக்கும்.

ஐந்து. இன்று நம்மில் பலர் கைப்பேசி வழியாகக் காணிக்கை செலுத்துகிறோம். அது வசதிதான். ஆனால் தந்தை கொடுப்பதைப் பிள்ளை காண்பதில்லை. அப்பானையில் விழுந்த அரிசியின் ஓசையைப் பிள்ளை கேட்டது. கைப்பேசியில் நகரும் எண்ணை அது அறியாது. ஆதலால் அவ்வாறு செலுத்தும்போது பிள்ளையை அருகில் அழைத்து, ‘இவ்வளவு வந்தது, இவ்வளவு கொடுக்கிறோம், இன்ன காரியத்துக்குக் கொடுக்கிறோம்’ என்று சொல்லுங்கள்.

கற்பிக்கத் தகாதவை

கற்பிக்க வேண்டியவற்றைவிடக் கற்பிக்கத் தகாதவற்றில் நாம் கூடுதலாக விழிப்பாயிருக்க வேண்டும்.

கடவுளோடு பேரம் பேசக் கற்பிக்காதீர்கள். பத்துக் கொடுத்தால் நூறாகத் திரும்பி வரும் என்று சில மேடைகளில் முழங்குகிறார்கள். அதை நம்பிக் கொடுத்த பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், அது கடவுளை ஏமாற்றுக்காரர் என்று எண்ணும். அல்லது தன்னைப் பாவி என்று எண்ணும். இரண்டும் கேடு.

அச்சுறுத்திக் கற்பிக்காதீர்கள். தாய்க்கு நோய் வந்தது தசமபாகம் கொடாததனால் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது கொடுமை. கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கும்படி எந்த வீட்டையும் தூண்டலாகாது. நாள் கூலி 500 ரூபாய் வாங்கும் தாய் அதில் 50 ரூபாயை மனமுவந்து எடுத்து வைத்தால் அது காணிக்கை. வட்டிக்கு வாங்கி வைத்தால் அது வட்டிக்காரனுக்குச் செய்யும் தொண்டு.

வெட்கப்படுத்திக் கற்பிக்காதீர்கள். வகுப்பில் அதிகம் கொடுத்த பிள்ளைக்குக் கைதட்டல் என்றால், கொடாத பிள்ளையின் தலை குனியும். அந்தத் தலையை நிமிர்த்தவன்றோ இத்தனை ஆண்டுகள் பாடுபட்டோம்? வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்பது இயேசுவின் போதனை. சிறுவர் காணிக்கை மூடிய பெட்டியில் விழட்டும். சந்தா பாக்கியைக் காட்டித் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் தடை சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைக் காணும் பிள்ளை, கொடுப்பதையன்று, அஞ்சுவதையே கற்றுக்கொள்கிறது.

இரண்டு காசு போட்ட விதவையின் கதையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஏழைகளிடம் இன்னும் கேட்பதற்கே அக்கதை பெரும்பாலும் பயன்படுகிறது. மாற்கு சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் அதற்கு முந்திய வசனத்தைப் படித்துப் பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நெடுநேரம் செபம் செய்யும் வேதபாரகர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அதன் பின்னரே காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்து அந்த விதவையைக் காண்கிறார். அவளுடைய இரண்டு காசுகளை மெச்சியவர், அவளை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர்களை மன்னித்துவிடவில்லை. இரண்டு வசனங்களையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

நீதியில்லாத தசமபாகத்தையும் இயேசு ஏற்கவில்லை. ஒற்தலாம், வெந்தயம், சீரகம் ஆகியவற்றில் பத்தில் ஒன்றைத் துல்லியமாகக் கொடுத்தவர்கள் நீதியையும் இரக்கத்தையும் உண்மையையும் கைவிட்டதை அவர் கடிந்துகொண்டார். கூலியாளின் கூலியை மறுநாள் வரை நிறுத்தி வைக்கலாகாது என்று மோசேயின் சட்டம் கூறுகிறது. வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு காணிக்கைத் தட்டை நிரப்புபவன் கொடுப்பவன் அல்லன். அவன் பிறர் பொருளையே வைக்கிறான்.

நம் திருச்சபைக்கும் இந்தக் கடிதல் பொருந்தும். சாதிப் பாகுபாட்டைத் திருச்சபையிலிருந்து உடனடியாக அகற்ற வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ஆம் ஆண்டிலேயே கட்டளை விடுத்தார். அதை ஏற்க மறுத்துத் தஞ்சைப் பகுதியில் பலர் எதிர்த்து நின்றனர். அதன் பின்னும் தனி இருக்கை, தனி வரிசை, தனிக் கல்லறை என்பவை பல ஊர்களில் தொடர்ந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்த ஊரிலும் காணிக்கைப் பை மட்டும் சாதி பார்த்ததில்லை! நம் காசு மற்றக் காசுகளோடு கலந்தது. நாம் கலக்கலாகாது என்றனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைக் கேள்வியாகக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். கொடுப்பவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. கொடுக்கக் கற்ற பிள்ளையே கேட்கவும் கற்கும்.

கணக்கும் கல்வியும்

இங்கே கணக்கு என்னும் கடைசிப் பொருளுக்கு வருகிறேன். சிறுவர் காணிக்கை எங்கே போயிற்று என்று ஆண்டின் முடிவில் சிறுவரிடமே சொல்ல வேண்டும். அவர்களுக்கு விளங்கும் மொழியில், கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்: இவ்வளவு சேர்ந்தது; இத்தனை குறிப்பேடுகள் வாங்கினோம்; ஒரு நோயாளிக்கு இவ்வளவு கொடுத்தோம்; மீதி இவ்வளவு. பெரிய பிள்ளைகள் இருவரையே எண்ணவும் எழுதவும் விடுங்கள். பத்து வயதில் காணிக்கைக் கணக்கைச் சரிபார்த்த பிள்ளை, முப்பது வயதில் ஊராட்சிக் கணக்கைக் கண்டு மருளாது. கூட்டுறவுச் சங்கத்திலும் பேராயத்திலும் எவரும் அதை எளிதில் ஏமாற்ற இயலாது.

இளைஞர்களே! முதல் மாதச் சம்பளத்தைக் கோயிலில் படைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. நல்ல வழக்கம். அதன் பிறகு மாதந்தோறும் எடுத்து வைக்கும் பங்கு முழுவதும் கோயிலுக்கே சேர வேண்டுமா, ஏழைப் பிள்ளையின் கல்விக்குக் கொடுப்பதும் அதில் அடங்குமா என்று என்னிடம் கேட்போர் உண்டு. முழுவதும் சபையின் பண்டசாலைக்கே உரியது என்று கூறும் போதகர்கள் உளர். அவர்கள் மல்கியா தீர்க்கதரிசியைச் சுட்டுவர். நான் உபாகமத்தைச் சுட்டுகிறேன். மூன்றாம் ஆண்டின் பங்கில் லேவியனின் பெயரும் இருக்கிறது, தந்தையற்ற பிள்ளையின் பெயரும் இருக்கிறது. போதகரைத் தாங்குவது நம் கடமை. அதைக் குறைக்கச் சொல்லேன். ஆனால் தந்தையற்ற பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதே தசமபாகத்துக்குள் அடங்கும் என்பதே என் துணிபு.

நமக்கு இது வெறும் விளக்கப் பிரச்சினை அன்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை முதலில் இந்துக்களுக்கு உரியதாக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்த வாயில் திறக்கப்பட்டது. கிறிஸ்தவராகிய தலித்துகள் வாயிலின் வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே வறுமையில், ஒரே இழிவைச் சுமந்து வாழும் இரு பிள்ளைகளில் ஒருவனுக்குக் கிடைக்கும் உரிமை, மற்றவனுக்கு அவனுடைய ஞானஸ்நானத்தைக் காட்டி மறுக்கப்படுகிறது. இந்த அநீதிக்கு எதிரான வழக்கும் போராட்டமும் நடக்க வேண்டும். நம் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் தீர்ப்பு வரும் வரையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்க முடியாது. அடுத்த சூன் மாதம் அதற்குப் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகத்தை வாங்கித் தரும் கை நம்முடையதாக இருக்கட்டும். அவ்வாறு கொடுப்பது அரசின் கடமையை மன்னிப்பதாகாது. நம் பிள்ளையைக் கைவிடாமல் இருப்பதாகும்.

இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நின்றது, உறுப்பினர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்ததனால். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் நிற்பதற்கு, இன்று ஓய்வுநாட் பள்ளியில் பத்துப் புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வேண்டும். ஆகவே இந்த விழாவின் நினைவாக நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் பெயர் எழுதிய ஒரு குவளை இருக்கட்டும். ஒவ்வொரு ஓய்வுநாட் பள்ளியிலும் சிறுவர் காணிக்கைக்கென்று ஒரு கணக்கேடு இருக்கட்டும். அந்த ஏட்டின் வரவை ஒரு சிறுவனும் செலவை ஒரு சிறுமியும் எழுதட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அந்த ஏடுகள் இந்த மேடையில் படிக்கப்படட்டும்.

களத்தின் ஓரத்தில் ஏந்தி நின்ற கைகளின் பேரப்பிள்ளைகள் நாம். நம் பிள்ளைகளின் கை, தேவையானபோது உரிமையோடு பெறவும், பெற்றதிலிருந்து மகிழ்ச்சியோடு கொடுக்கவும், கொடுத்ததற்குத் துணிவோடு கணக்குக் கேட்கவும் பழகட்டும். அத்தகைய கைகள் பெருகுவதாக.